முழு மயக்கமா, முதுகில் ஊசியா? மூட்டு மாற்றுச் சிகிச்சையில் மயக்க மருந்து



இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் பள்ளி முடிந்ததும் என் படிவம் 4 மாணவி ஒருத்தி அறிவியல் கூடத்துக்கு வந்தாள். கையில் மருத்துவமனைத் தாள் ஒன்று இருந்தது.

"டீச்சர், பாட்டிக்கு முட்டி ஆபரேஷன். 'பியூஸ் பெனோ'வா, 'பியூஸ் செப்பாரோ'வான்னு டாக்டர் கேட்டாரு. பாட்டிக்கு மலாய் அவ்வளவா வராது. நான்தான் சொல்லணும். முதுகுல ஊசின்னு சொன்னதுமே, 'வேணாம்மா, நான் இப்படியே நொண்டிக்கிட்டு இருந்துட்டுப் போறேன்'னு சொல்லிட்டாங்க" என்றாள்.

அந்தப் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். இப்போது வீட்டு வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஜெஞ்சாரோம், பந்திங் வட்டாரத்தில் இப்படிப்பட்ட பாட்டிமார் நம் வீடுகளில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கும் மருத்துவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். ஒரு சொல் பிசகினால் பாட்டியின் முடிவே மாறிப்போகலாம். ஆகவே இந்த வாரம் மயக்க மருந்தைப் படிப்போம். படிவம் 3 அறிவியலில் படித்த 'தூண்டலும் துலங்கலும்' பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்.

முட்டியில் என்ன செய்கிறார்கள்?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால் மூட்டு. இரண்டின் முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். வயது, உடல் எடை, பழைய காயம், பல ஆண்டுகள் குந்தியும் சுமந்தும் செய்த வேலை ஆகியவற்றால் அது தேய்கிறது. முற்றிலும் தேய்ந்தபின் எலும்போடு எலும்பு உரசும்.

அறுவை சிகிச்சையில் தேய்ந்த முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்துவிட்டு உலோக உறைகளைப் பொருத்துகிறார்கள். நடுவில் பாலிஎதிலீன் எனும் கடினமான நெகிழித் தட்டு வைக்கப்படும். பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேர வேலை இது. ரம்பம், துளைக்கருவி, சுத்தியல் எல்லாம் இதில் உண்டு. வலியைத் தடுக்காமல் இதைச் செய்யவே முடியாது.

வலி எந்த வழியாகப் போகிறது?

முழங்காலில் கத்தி பட்டதும் அங்குள்ள வலி ஏற்பிகள் தூண்டப்படுகின்றன. நரம்பிழையின் சவ்வில் சோடியம் அயனிகள் நுழைவதற்கான சிறு வாயில்கள் உள்ளன. அவை திறக்கும்போது நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த மின்மாற்றம் அடுத்த வாயிலைத் திறக்கிறது. அது அதற்கடுத்ததைத் திறக்கிறது. இப்படியே மின்கணத்தாக்கம் தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. மூளை அதை உணரும்போதுதான் 'வலிக்கிறது' என்கிறோம்.

வீட்டு அழைப்பு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணிச்சத்தம் வீட்டுக்காரரை எழுப்பாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடையில் கம்பியைத் துண்டிப்பது. மற்றொன்று, மணி அடித்தாலும் எழாதபடி வீட்டுக்காரரை ஆழ்ந்து தூங்கவைப்பது. முதல் வழிதான் 'பியூஸ் செப்பாரோ', அதாவது பகுதி மயக்கம். இரண்டாவது 'பியூஸ் பெனோ', அதாவது முழு மயக்கம்.

வழி 1: முழு மயக்கம்

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் எனும் பல் மருத்துவர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியை முகரவைத்து மயக்கினார். அவருடைய கழுத்துக் கட்டியை அறுவை மருத்துவர் ஜான் வாரன் அகற்றினார். முழு மயக்கம் உலகறிய நிரூபிக்கப்பட்ட நாள் அது.

இன்று ஈதர் இல்லை. கையிலுள்ள நரம்பூசி வழியாக புரோப்போபோல் எனும் பால்போன்ற வெண்ணிற மருந்து செலுத்தப்படுகிறது. ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். மூளையில் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் 'காபா' எனும் வேதிப்பொருளின் வேலையை இந்த மருந்து வலுப்படுத்துகிறது. பிறகு சிவோஃபுளூரேன் போன்ற வாயு மயக்கத்தைத் தொடரச் செய்யும். மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயோ, தொண்டையில் ஒரு கவசமோ வைத்து மூச்சுக்கு வழி செய்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முழு மயக்கத்தில் கம்பி துண்டிக்கப்படவில்லை. வலிச் சமிக்ஞை தண்டுவடம் வரை வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால்தான் மயக்கத்தில் இருக்கும்போதும் கத்தி பட்டால் இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் ஏறுகின்றன. ஆகவே வலுவான வலிநிவாரணிகளையும் சேர்த்தே தர வேண்டும். எழுந்தபின் குமட்டல், வாந்தி, தொண்டைவலி, சிறிது நேரம் குழப்பம் ஆகியவை வரக்கூடும்.

வழி 2: முதுகில் ஊசி

கம்பியைத் துண்டிக்கும் வழிக்கு 1884-இல் வித்திட்டவர் வியன்னாவின் கார்ல் கோலர். கோக்கேயின் கரைசலைச் சொட்டினால் கண் மரத்துப்போவதை அவர் காட்டினார். 1898 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் எனும் அறுவை மருத்துவர் அதே மருந்தை ஒரு தொழிலாளியின் முதுகுத்தண்டுத் திரவத்துக்குள் செலுத்தி, அவரது கணுக்கால் மூட்டில் வலியின்றி அறுவை செய்தார். ஆக, இந்த முறை பிறந்ததே ஒரு மூட்டுச் சிகிச்சையில்தான்.

ஆனால் நோயாளிகளுக்குப் பின்னர் தலைவலியும் வாந்தியும் வந்தன. காரணம் அறிய பியர் தம் உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் தமக்கே ஊசி போடச் சொன்னார். பீச்சுக்குழல் ஊசியோடு சரியாகப் பொருந்தாமல் திரவம் ஒழுகியது. பிறகு பியர் உதவியாளருக்குப் போட்டார், அது பலித்தது. காலில் சுத்தியலால் அடித்தும் சுருட்டால் சுட்டும் பார்த்தார்கள். அவருக்கு வலிக்கவில்லை! ஆனால் அடுத்துவந்த நாள்களில் இருவரையும் தலைவலி வாட்டியது. படுத்தால் குறைந்தது, எழுந்தால் கூடியது. ஊசித் துளை வழியே திரவம் கசிவதே காரணம். இன்று அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ தடிமன் கொண்ட, பென்சில் முனை போன்ற ஊசிகளைப் பயன்படுத்துவதால் அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

இப்போது பாட்டியின் பெரிய பயத்துக்கு வருவோம்: "முதுகுத்தண்டுல குத்தினா கால் விளங்காமப் போயிடாதா?"

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்புகளின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில். அங்கே தண்டுவடம் இல்லை. குதிரைவால் முடி போலத் தனித்தனி நரம்பிழைகள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஊசிமுனை வந்தால் அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும்.

பியூப்பிவக்கேயின் எனும் மருந்தில் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிலீட்டர் போதும். அரைத் தேக்கரண்டி அளவுதான்! அது சோடியம் வாயில்களை அடைத்துவிடுகிறது. சுமார் பத்து நிமிடங்களுக்குள் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். மெல்லிய நரம்பிழைகள் முதலில் அடங்கும். ஆகவே கால் முதலில் வெதுவெதுப்பாகும். பிறகு வலியும் குளிர்ச்சியும் தெரியாது. கடைசியில் காலை அசைக்க முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எல்லாம் மெல்லத் திரும்பும்.

கால் வெதுவெதுப்பாவது ஏன்? இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் அடங்குவதால் குழாய்கள் விரிகின்றன. இதனால் இரத்த அழுத்தம் இறங்கலாம். இதுவே இம்முறையில் அடிக்கடி வரும் பக்கவிளைவு. மருத்துவர் அருகிலேயே இருந்து மருந்து கொடுத்துச் சரிசெய்வார். சிறுநீர் கழிப்பதில் சற்று நேரம் சிரமம் இருக்கலாம். அரிதாக ஊசி சரியாகப் பலிக்காமல் முழு மயக்கத்துக்கு மாறவும் நேரலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

தேவை: இரண்டு கண்ணாடிக் குவளைகள், தண்ணீர், ரோஸ் சிரப், உணவுச் சாயம், உறிஞ்சுகுழல்.

1. இரு குவளைகளிலும் தண்ணீர் நிரப்பி அசையாமல் வையுங்கள்.
2. உறிஞ்சுகுழலால் முதல் குவளையின் நடுப்பகுதியில் சிறிது சிரப்பை மெதுவாக விடுங்கள்.
3. அதேபோல் இரண்டாவது குவளையில் சாயம் கலந்த வெறும் தண்ணீரை விடுங்கள்.
4. முதல் குவளையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள்.

சிரப் அடியில் இறங்கித் தேங்கும். சாய்த்தால் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடும். சாயத்தண்ணீர் நின்ற இடத்திலேயே பரவும். காரணம் அடர்த்தி. முதுகில் போடும் மருந்திலும் பெரும்பாலும் குளுக்கோஸ் சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் அது முதுகுத்தண்டுத் திரவத்தைவிடக் கனமாகித் தாழ்ந்த பக்கம் இறங்கும். நோயாளியை உட்காரவைப்பதா, ஒருக்களித்துப் படுக்கவைப்பதா, கட்டிலை எப்படிச் சாய்ப்பது என்பதைக் கொண்டே மருந்து எங்கே போக வேண்டும் என்பதை மருத்துவர் கட்டுப்படுத்துகிறார். நீங்கள் படித்த அடர்த்திப் பாடம் அறுவைக் கூடத்திலும் பயன்படுகிறது!

இன்னும் இரண்டு வழிகள்

எபிடியூரல்: இங்கே மருந்து திரவத்துக்குள் போவதில்லை; அதைச் சூழ்ந்துள்ள உறைக்கு வெளியே விடப்படுகிறது. ஆகவே அதிக மருந்து வேண்டும். வேலை செய்ய நேரமும் கூடுதல். ஆனால் மெல்லிய குழாய் ஒன்றை அங்கேயே விட்டுவைத்து, வேண்டும்போது மருந்தைத் தொடரலாம்.

நரம்புத் தடுப்பு: மீயொலிக் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே, தொடையில் ஓடும் குறிப்பிட்ட நரம்பைச் சுற்றி மட்டும் மருந்து விடுவது. முட்டி மாற்றில் இது பெரும்பாலும் அறுவைக்குப் பின்வரும் வலியைக் குறைக்கப் பயன்படுகிறது. இடுப்புக்கு அருகே தொடை நரம்பைத் தடுத்தால் தொடைத்தசை தளர்ந்து, எழுந்து நடக்கையில் விழ நேரலாம். அதனால் இன்று பலர் தொடையின் நடுப்பகுதியில், தசையின் வலிமையை அவ்வளவாகப் பாதிக்காத இடத்தில் போடுகிறார்கள்.

ஒரே பார்வையில்

முழு மயக்கம்
மருந்து வேலை செய்யும் இடம்: மூளை.
நினைவு: இருக்காது.
மூச்சு: கருவியின் துணை தேவை.
பின்விளைவு: குமட்டல், தொண்டைவலி, எழுந்ததும் வலி விரைவில் தெரியலாம்.
எப்போது ஏற்றது: முதுகில் ஊசி போட முடியாதவர்களுக்கு.

முதுகில் ஊசி
மருந்து வேலை செய்யும் இடம்: தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகள்.
நினைவு: இருக்கும், கேட்டால் தூக்க மருந்து சேர்த்துத் தருவார்கள்.
மூச்சு: தாமே மூச்சு விடலாம்.
பின்விளைவு: இரத்த அழுத்தம் இறங்கலாம், தலைவலி, சிறுநீர்ச் சிரமம்.
எப்போது ஏற்றதல்ல: இரத்தம் உறைவதில் சிக்கல், ஊசி போடும் இடத்தில் கிருமித்தொற்று, சில இதய வால்வு நோய்கள்.

அப்படியானால் எதுதான் சிறந்தது?

இந்தக் கேள்வி புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் குளோரோபார்ம் மயக்க மருந்தால் சிலர் திடீரென இறந்தார்கள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற சண்டை மருத்துவர்களிடையே மூண்டது. ஹைதராபாத்தில் பணியாற்றிய மருத்துவர் எட்வர்ட் லாரி, மூச்சைக் கவனித்தால் போதும், குளோரோபார்ம் இதயத்தை நேரடியாக நிறுத்தாது என்று உறுதியாக நம்பினார். நிஜாமின் பொருளுதவியோடு 1888-இலும் 1889-இலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அங்கே அமைந்தன. இரண்டாவதில் கலந்துகொள்ள லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் எனும் புகழ்பெற்ற மருத்துவர் வந்தார். ஏராளமான விலங்குகளைச் சோதித்தபின் 'லாரி சொன்னதே சரி' என்று முடிவு அறிவிக்கப்பட்டது.

ஆனால் 1911-இல் குட்மன் லெவி என்பவர் வேறொன்றைக் காட்டினார். மயக்கம் இலேசாக இருக்கும் நிலையில், குளோரோபார்ம் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கித் திடீரென நிறுத்திவிடக்கூடும். இத்தனை சோதனைகள் செய்தும் ஹைதராபாத் முடிவு ஏன் பிழைத்தது? சோதனையின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. கேள்விக்கு ஏற்ற விதத்தில் சோதனை அமைந்திருக்க வேண்டும்.

அந்தப் பாடத்தோடு இன்றைய இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள்.

2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இடுப்பு மூட்டு, முட்டி மாற்றுச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 3 இலட்சத்து 82 ஆயிரம் பேரின் பதிவேடுகளை அலசியது. 30 நாள்களுக்குள் இறந்தோர் முழு மயக்கத்தில் 0.18 விழுக்காடு, முதுகு ஊசியில் 0.10 விழுக்காடு. அதாவது 10,000 பேரில் 18-க்கு எதிராக 10. முதுகு ஊசியே மேல் என்று தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். இவர்களுக்கு எந்த மயக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். உடல்நிலை மோசமானவர்கள் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்ந்திருக்கலாம். கணக்கில் இதைச் சரிசெய்ய முயன்றார்கள் என்றாலும் முழுமையாகச் சரிசெய்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

2021-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. இடுப்பெலும்பு முறிந்த 50 வயதுக்கு மேற்பட்ட 1,600 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 60 நாள்களுக்குள் இறந்தவர்கள் அல்லது துணையின்றி நடக்க முடியாமல் போனவர்கள் முதுகு ஊசிக் குழுவில் 18.5 விழுக்காடு, முழு மயக்கக் குழுவில் 18.0 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் இவர்கள் விழுந்து எலும்பு முறிந்தவர்கள். திட்டமிட்டு முட்டி மாற்றிக்கொள்பவர்கள் அல்லர்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் நேர்மையான பதில் இதுதான்: இன்று இரண்டுமே மிகவும் பாதுகாப்பானவை. முட்டி மாற்றுக்கு முதுகு ஊசியைப் பல நிபுணர்கள் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் யாருக்கு எது என்பதை அவரவர் உடல்நிலையே தீர்மானிக்கும்.

பாட்டி கேட்கும் கேள்விகள்

"கண்ணு முழிச்சிருக்கும்போதே வெட்டுவாங்களா?"
மரத்துவிட்டதா என்று குளிர்ந்த பொருளால் தொட்டுச் சோதித்த பிறகே தொடங்குவார்கள். எதிரே திரை இருக்கும். அழுத்துவதும் அசைப்பதும் தெரியலாம், வலி தெரியாது. சத்தம் கேட்க வேண்டாம் என்றால் தூங்கவைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

"காலத்துக்கும் முதுகு வலிக்குமாமே?"
ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். நீண்டகால முதுகுவலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

"கால் விளங்காமப் போனா?"
பிரிட்டனில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளையும் எபிடியூரல்களையும் கணக்கெடுத்து 2009-இல் அறிக்கை வெளியிட்டார்கள். நிரந்தரப் பாதிப்பு 1 இலட்சத்தில் 2 முதல் 4 பேருக்கே. ஆபத்து இல்லவே இல்லை என்று பாட்டியிடம் சொல்லாதீர்கள்; மிக அரிது என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

"காலையில ஒரு தே குடிச்சிட்டு வரலாமா?"
கூடாது! வயிற்றில் உள்ளது மயக்கத்தின்போது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். பொதுவான விதி: உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். பால் கலந்த தே தாரேக் உணவுக் கணக்கில் சேரும். முதுகு ஊசி என்றாலும் இதே விதிதான். ஏன்? மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

பையில் இருந்த சின்ன மாத்திரை

இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்து, அந்த மாணவியிடம் இன்னொன்றும் சொன்னேன்: "பாட்டி சாப்பிடுற எல்லா மாத்திரையையும் பையோட எடுத்துக்கிட்டுப் போம்மா."

மயக்க மருந்து கிளினிக்கில் பாட்டியிடம் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "பிரஷருக்கு ஒண்ணு, இனிப்புநீருக்கு ஒண்ணு" என்றிருக்கிறார் பாட்டி. மாணவி பையைக் கொட்டியபோது மூன்றாவதாக ஒன்று வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த குளோபிடோகிரல். "அது சின்ன மாத்திரைதானேன்னு சொல்லல" என்றாராம் பாட்டி.

அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதுகில் ஊசி போட்டால், உள்ளே இரத்தம் கசிந்து தேங்கி நரம்புகளை அழுத்தக்கூடும். பாட்டி பயந்த அதே ஆபத்து, அவர் முக்கியமில்லை என்று விட்ட மாத்திரையில் இருந்தது. இதய மருத்துவரைக் கலந்துபேசி, எந்த நாளில் நிறுத்துவது என்று குறித்துக் கொடுத்தார்கள். அறுவை இரண்டு வாரம் தள்ளிப்போனது. இந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து வரலாம். நிறுத்தவே முடியாதவர்களுக்கு முழு மயக்கம் இருக்கிறது.

பாட்டி கடைசியில் முதுகு ஊசியையே தேர்ந்தெடுத்தார். கொஞ்சம் தூக்க மருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படி இருந்தது என்று பேத்தி கேட்டதற்கு, "எங்கேயோ பக்கத்து வீட்டுல தச்சு வேலை நடக்கிற மாதிரி டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு. நம்ம முட்டின்னு தெரியாமப் போச்சு" என்றாராம். இப்போது கைத்தடியோடு வாசற்படி இறங்குகிறார்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. முழு மயக்கத்தில் இருப்பவருக்கும் வலிநிவாரணி ஏன் தேவை?
2. ரோஸ் சிரப் சோதனையில் மாறும் காரணி எது? மாறாமல் வைக்க வேண்டியவை எவை?
3. 3 இலட்சத்து 82 ஆயிரம் பேரை ஆராய்ந்த ஆய்வைவிட, 1,600 பேரைக் குலுக்கலில் பிரித்த ஆய்வு எந்த வகையில் வலுவானது? எந்த வகையில் பாட்டியின் கேள்விக்குப் பொருந்தாது?
4. உங்கள் வீட்டுப் பெரியவர் உண்ணும் மாத்திரைகளின் பெயர், அளவு, காரணம் மூன்றையும் ஒரு தாளில் பட்டியலிடுங்கள். இதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.